பி53 பிறழ்வுகளும் ‘டெல்டா டெல்டா ஜி’ தீர்ப்புகளும்: ஒரு விமர்சனம்

போன வருஷக் கடைசியில் ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்குக் கல்லூரி நண்பனிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. அவனுடைய அக்காவின் கட்டித் திசுவில் செய்த மரபணுப் பரிசோதனை ரிப்போர்ட். எட்டுப் பக்கம். மூன்றாம் பக்கத்தில் ‘டிபி53, ஆர்273எச்’ என்று ஒரு வரி. கூடவே ஒரு குரல் செய்தி: “டேய், நீதான் புரதம் கிரதம்னு எழுதிக்கிட்டு இருக்கியே. இது ரொம்ப மோசமானதா, பரவாயில்லையான்னு மட்டும் பாத்துச் சொல்லு.”

நான் உயிரியல் படித்தவன் இல்லை. படித்தது பி.இ., பிழைப்பு சாஃப்ட்வேர். ஆனாலும் சில வருஷங்களாகப் புரதங்களைப் பற்றி வாசித்துக் குறிப்பு எழுதி வருவதால் கையில் கருவி இருந்தது. பி53 புரதத்தின் முப்பரிமாண அமைப்பை இறக்கி, ஃபோல்டெக்ஸ் மென்பொருளில் 273ஆம் இடத்து ஆர்ஜினினை ஹிஸ்டிடினாக மாற்றி ஓடவிட்டேன். பத்து நிமிஷ வேலை. வந்தது சின்ன எண். புரதத்தின் உறுதி பெரிதாகக் குறையவில்லை என்று அர்த்தம். “பெரிய பாதிப்பு இல்லாத மாதிரிதான்டா தெரியுது” என்று டைப் செய்தேன்.

அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் அது தப்பான பதில். ஆர்273எச் என்பது மனிதப் புற்றுநோய்களில் மிக அதிகமாகத் தென்படும் பி53 பிறழ்வுகளில் ஒன்று. அந்தப் புரதத்தின் முக்கிய வேலையையே முடக்குகிற ஒன்று.

கருவி பொய் சொல்லவில்லை. அது தந்த எண் சோதனைச்சாலை அளவோடு ஒத்துப்போகிறது. நான் கேட்ட கேள்விதான் தப்பு. அந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு குறிப்பிட்ட வகை ஆய்வுக்கட்டுரை. ஒரு புற்றுநோய் மரபணுவை எடுத்துக்கொள்வது, தரவுத்தளத்திலிருந்து அதன் பிறழ்வுகளை இறக்குவது, ஏழெட்டு கணிப்புக் கருவிகளில் ஓட்டுவது, ‘இவை புரதத்தின் நிலைத்தன்மையைக் குறைக்கின்றன, ஆகவே நோய் விளைவிப்பவை’ என்று பட்டியல் போடுவது. இந்த அச்சில் வார்த்த கட்டுரைகள் ஏராளம். என் விமர்சனம் எந்தத் தனி ஆய்வாளர் மீதும் இல்லை, அந்த அச்சின் மீதுதான்.

முதலில், அந்த எண் என்ன?

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. வேலை செய்ய அது ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் மடிந்திருக்க வேண்டும். ஆனால் மடிப்பு நிரந்தரமானது இல்லை. ஒவ்வொரு மூலக்கூறும் மடிந்தும் அவிழ்ந்தும் மாறிக்கொண்டே இருக்கும். எந்த நேரத்தில் பார்த்தாலும் எத்தனை பங்கு மடிந்திருக்கிறது என்பதை ஒரு ஆற்றல் இடைவெளி தீர்மானிக்கிறது. அதுதான் ‘டெல்டா ஜி’. அளவு, மோலுக்கு இத்தனை கிலோகலோரி. ஒரு பிறழ்வால் அந்த இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்பது ‘டெல்டா டெல்டா ஜி’. கருவிகள் தருவது இந்த இரண்டாவது எண்ணை.

இந்த இடைவெளி எவ்வளவு சிறியது என்பதுதான் முதல் ஆச்சரியம். ஒரு புரதத்துக்குள் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னப் பிணைப்புகள் இருந்தாலும், எல்லா வரவு செலவும் போக மிஞ்சும் லாபம் பல புரதங்களில் 5 முதல் 15 கிலோகலோரிக்குள் அடங்கிவிடும். கோடிக்கணக்கில் வியாபாரம், மாதக் கடைசியில் கையில் சில ஆயிரம் என்பது மாதிரி.

பி53 விஷயத்தில் லாபம் இன்னும் குறைவு. பி53 என்பது 393 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். செல்லில் டிஎன்ஏ சேதமானால், பிரிவதை நிறுத்து, பழுது பார், முடியாவிட்டால் செத்துப்போ என்று உத்தரவு போடும் மரபணுக்களை முடுக்கிவிடுவது இதன் வேலை. மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இதன் மரபணு கெட்டிருக்கிறது. கெடும் இடங்களில் பெரும்பாலானவை, டிஎன்ஏவைப் பற்றிக்கொள்ளும் நடுப்பகுதியில்தான் விழுகின்றன. அந்த நடுப்பகுதியின் உறுதியை 1990களின் கடைசியில் கேம்பிரிட்ஜில் ஆலன் ஃபெர்ஷ்ட் குழு அளந்தது. உடல் வெப்பநிலையில் இடைவெளி சுமார் 3 கிலோகலோரிதான். வெப்பத்தை ஏற்றினால் 45 டிகிரியை நெருங்கும்போதே உருக்குலைகிறது. 37 டிகிரியில், சோதனைக் குழாயில், அவிழ்வதற்கான அரை ஆயுள் சுமார் 9 நிமிஷம். எந்தப் பிறழ்வும் இல்லாத, ஆரோக்கியமான பி53க்கே இந்தக் கதி.

இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிளஸ் டூ வேதியியல் சூத்திரம் போதும். 37 டிகிரியில் ஒவ்வொரு 1.4 கிலோகலோரிக்கும் மடிந்தது, அவிழ்ந்தது விகிதம் பத்து மடங்கு மாறும். 3 கிலோகலோரி இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு மடிந்திருக்கும். ஒரு பிறழ்வு 2 கிலோகலோரியைப் பிடுங்கினால் மிஞ்சுவது 1, மடிந்திருப்பது சுமார் 84 சதவீதம். 3ஐப் பிடுங்கினால் பாதிக்குப் பாதி. 4ஐப் பிடுங்கினால் 16 சதவீதம். நிஜத்தில் இதைவிட மோசம். அவிழ்ந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும், திரும்பி மடிய வராது.

எல்லாம் 4 கிலோகலோரிக்குள். தண்ணீரில் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பின் வலுவை விடவும் குறைவு. இவ்வளவு மெல்லிய கோட்டில்தான் ஒரு செல் கட்டுக்குள் இருப்பதும் கட்டவிழ்வதும் நடக்கிறது. இது தெரிந்த யாருக்கும் அந்த எண்ணைக் கணிக்க ஆசை வருவது இயல்பு. எனக்கும் வந்தது.

அந்த எண் உதவும் இடம்

விமர்சனம் என்று ஆரம்பித்துவிட்டு நல்லதைச் சொல்லாமல் போகக் கூடாது. நிலைத்தன்மை இழப்பு பல பிறழ்வுகளுக்கு உண்மையான காரணம். ஒய்220சி என்ற பிறழ்வில் 220ஆம் இடத்துப் பெரிய டைரோசின் போய்ச் சின்ன சிஸ்டீன் வருகிறது. அந்த இடம் டிஎன்ஏவைத் தொடும் பக்கத்திலிருந்து தூரத்தில், புரதத்தின் முதுகுப்புறம் மாதிரி ஓரிடம். டிஎன்ஏ பிடிக்கும் விரல்கள் அப்படியே இருக்கின்றன. ஆனால் டைரோசின் இருந்த இடத்தில் ஒரு குழி விழுந்துவிடுகிறது. இழப்பு சுமார் 4 கிலோகலோரி. மேலே போட்ட கணக்குப்படி உடல் சூட்டில் பெரும்பகுதி அவிழ்ந்துபோகும்.

வி143ஏ இன்னும் தெளிவான சாட்சி. அந்தப் பிறழ்வு உள்ள பி53, செல்களை 32 டிகிரியில் வளர்த்தால் வேலை செய்கிறது, 37க்கு ஏற்றினால் தோற்கிறது. வேலை செய்யும் திறன் உள்ளேயே இருக்கிறது, நிற்க முடியவில்லை என்பதுதான் நோய். இந்த மாதிரிப் பிறழ்வுகளுக்கு ‘டெல்டா டெல்டா ஜி’ சரியான மொழி.

சிக்கல் எங்கே என்றால், இந்த ஒரு வகைக்குப் பொருந்தும் மொழியை எல்லா வகைக்கும் தீர்ப்பெழுதும் மொழியாக மாற்றிவிடுவதில்.

குறை ஒன்று: செலவு மட்டும் தெரியும், இருப்பு தெரியாது

இந்தக் கட்டுரைகளில் வழக்கமாக ஒரு வெட்டுக்கோடு இருக்கும். 1 கிலோகலோரிக்கு மேல் என்றால் பாதிப்பு, 2க்கு மேல் என்றால் கடும் பாதிப்பு, இப்படி. ஆனால் கருவி சொல்வது எவ்வளவு செலவானது என்பதை மட்டும். கணக்கில் எவ்வளவு இருந்தது என்று அதற்குத் தெரியாது. 3 கிலோகலோரி இருப்பு உள்ள பி53க்கு 4 இழப்பு என்றால் திவால். 10 இருப்பு உள்ள புரதத்துக்கு அதே 4 போனாலும் 6 மிச்சம், உடல் சூட்டில் கிட்டத்தட்ட முழுவதும் மடிந்தே இருக்கும். பி53இன் சொந்தக்காரப் புரதங்களான பி63, பி73 இரண்டுமே அதைவிட நன்றாக உறுதியானவை. ஒரே குடும்பத்துக்குள்ளேயே இருப்பு இப்படி மாறும்போது, எல்லா மரபணுவுக்கும் ஒரே வெட்டுக்கோடு போடுவது எந்த விதத்தில் நியாயம்?

குறை இரண்டு: நிற்பதும் வேலை செய்வதும் வேறு

நண்பனின் ரிப்போர்ட்டுக்கு வருவோம். 1994இல் பி53இன் நடுப்பகுதி டிஎன்ஏவோடு சேர்ந்திருக்கும் படிக அமைப்பு வெளியானது. அதில்தான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. அதிகம் தென்படும் பிறழ்வுகள் இரண்டு ரகம். 175, 245, 249, 282 போன்ற இடங்கள் வடிவத்தைத் தாங்கும் தூண்கள். 248, 273 இரண்டும் டிஎன்ஏவை நேராகத் தொடும் கைகள். 273ஆம் இடத்து ஆர்ஜினின் டிஎன்ஏவின் முதுகெலும்பைப் பிடித்துக்கொள்கிறது. அது ஹிஸ்டிடின் ஆனால் பிடி நழுவுகிறது. புரதம் மட்டும் ஜம்மென்று மடிந்து நிற்கிறது. ஃபெர்ஷ்ட் குழு அளந்த இழப்பு அரை கிலோகலோரிக்கும் குறைவு. அதாவது 98 சதவீதத்துக்கு மேல் மடிந்த நிலை.

நிலைத்தன்மை என்ற அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஆர்273எச் ஒரு ஆரோக்கியமான புரதம். அந்த அளவுகோலை வைத்துத்தான் நான் நண்பனுக்குப் பதில் டைப் செய்தேன்.

பக்கத்திலேயே இருக்கும் ஆர்248கியூ இந்த இரண்டு ரகப் பாகுபாட்டையும் கொஞ்சம் கலைக்கிறது. அதுவும் டிஎன்ஏவைத் தொடும் கைதான், ஆனால் போனால் சுமார் 2 கிலோகலோரி உறுதியும் சேர்ந்து போகிறது. ஆர்175எச் சுமார் 3 கிலோகலோரியை இழப்பதோடு, புரதத்துக்குள் இருக்கும் துத்தநாக அணுவைப் பிடித்துவைக்கும் இடத்தையும் கெடுக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கதை. ஒரே பத்தியில் எண்களாக அடுக்கும்போது இந்தக் கதைகள்தான் முதலில் காணாமல் போகின்றன.

குறை மூன்று: அமைப்பே இல்லாத இடங்கள்

ஃபோல்டெக்ஸ் போன்ற கருவிகளுக்கு ஒரு முப்பரிமாண அமைப்பு வேண்டும். ஆனால் பல புற்றுநோய்ப் புரதங்களில் பெரும் பகுதிகள் எந்த நிலையான வடிவமும் இல்லாத தளர்ந்த நூல்கள். பி53இன் இரு முனைகளும் அப்படித்தான்.

பீட்டா கேட்டெனின் என்ற புரதம் நல்ல உதாரணம். கல்லீரல், கருப்பை உட்சுவர் புற்றுநோய்கள் பலவற்றில் அதன் 33, 37, 41, 45 ஆகிய இடங்களில் பிறழ்வு விழுகிறது. எல்லாமே அந்தத் தளர்ந்த வால் பகுதியில். அங்கே மாறினால் மடிப்புக்கு எந்தக் கேடும் இல்லை. அப்படியென்றால் பிரச்சனை என்ன? ‘இந்தப் புரதத்தை அழித்துவிடு’ என்று செல் முத்திரை குத்தும் இடம் அதுதான். முத்திரை விழவில்லை என்றால் புரதம் அழிவதில்லை. சேர்ந்துகொண்டே போகிறது, வளர்ச்சி உத்தரவு ஓயாமல் போய்க்கொண்டே இருக்கிறது. இங்கே புற்றுநோய்க்குக் காரணம் நிலைத்தன்மை குறைந்தது இல்லை, கூடியது! அமைப்பை வைத்துக் கணக்குப் போடும் கருவிக்கு இதில் சொல்ல ஒன்றுமே இல்லை.

குறை நான்கு: ஒரே சொல், இரண்டு பொருள்

எனக்கு மிகப் பெரியதாகப் படும் குறை இது. ஆங்கிலத்திலும் சரி, தமிழிலும் சரி, ‘நிலைத்தன்மை’ என்று சொல்லும்போது இரண்டு வெவ்வேறு விஷயங்களைச் சொல்கிறோம். ஒன்று, மடிப்பின் உறுதி. மற்றது, செல்லுக்குள் அந்தப் புரதத்தின் ஆயுள், அதாவது உருவானதிலிருந்து அழிக்கப்படும் வரை எவ்வளவு நேரம். பீட்டா கேட்டெனினில் கூடியது இரண்டாவது. பல கட்டுரைகள் முதல் பத்தியில் ஒரு பொருளில் ஆரம்பித்து, முடிவுரையில் சத்தமில்லாமல் மற்றதற்குத் தாவிவிடும்.

இரண்டும் ஒன்றாகப் போகும் என்று நினைப்பது இயல்புதான். சரியாக மடியாத புரதத்தைச் செல் குப்பையில் போடும், ஆகவே உறுதி குறைந்தால் ஆயுளும் குறையும். பல புரதங்களில் இது உண்மையும்கூட. ஆனால் பி53இல் நேர் எதிர். ஆரோக்கியமான செல்லில் பி53 உருவான சற்று நேரத்திலேயே எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம் அதற்கு அழிவு முத்திரை குத்திவிடும். அதனால் எப்போதும் கொஞ்சமே இருக்கும். கட்டிகளில் உள்ள கெட்ட பி53, மடிப்பு குலைந்த ஆர்175எச் உட்பட, மணிக்கணக்கில் வாழ்ந்து குவிந்து கிடக்கிறது. நோயியல் மருத்துவர் கட்டித் திசுவில் பி53க்குச் சாயம் ஏற்றிப் பார்க்கும்போது செல் கருக்கள் அடர்ந்த பழுப்பாகத் தெரிந்தால், பிறழ்வு இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வது இதனால்தான். மடிப்பில் நோஞ்சான், எண்ணிக்கையில் கூட்டம்.

காரணம்? எம்டிஎம்2ஐத் தயாரிக்கச் சொல்வதும் பி53தான். பி53 முடங்கினால் அந்தச் சுற்று அறுந்துவிடும் என்பது ஒரு பகுதி விளக்கம். ஆனால் அது மட்டும் போதாது. கெட்ட பி53 மரபணுவோடு பிறக்கும்படி செய்த எலிகளில், சாதாரணத் திசுக்களில் அந்தப் புரதம் குவிவதில்லை. கட்டிகளில்தான் குவிகிறது. கட்டிச் செல்களில் ஹெச்எஸ்பி90 போன்ற துணைப் புரதங்கள் அதைத் தாங்கிப் பிடித்து அழிவிலிருந்து காப்பாற்றுகின்றன. ஆக, இந்த ஆயுள் பிறழ்வின் குணம் மட்டும் இல்லை, சுற்றியிருக்கும் செல்லின் நிலைமையையும் பொறுத்தது. வரிசையிலிருந்தோ அமைப்பிலிருந்தோ மட்டும் கணிக்க முடிகிற சமாச்சாரம் இல்லை இது.

இந்தக் குழப்பத்துக்கு வரலாறும் உண்டு. பி53 கண்டுபிடிக்கப்பட்டது 1979இல். கட்டிச் செல்களில் நிறையக் கிடந்ததால் அது புற்றுநோயைத் தூண்டும் புரதம் என்றே பத்து வருஷம் நம்பினார்கள். ஆரம்பத்தில் சோதனைக்கு எடுத்த பிரதிகள் பலவும் ஏற்கெனவே பிறழ்வு பட்டவை. 1989 வாக்கில்தான் அது உண்மையில் புற்றுநோயைத் தடுக்கும் புரதம் என்று தெளிவானது. ‘நிறைய இருக்கிறது, ஆகவே வேலை செய்கிறது’ என்ற ஒரு வரி அனுமானத்தின் விலை பத்து வருஷம்.

குறை ஐந்து: பத்துச் சாட்சிகள், ஒரே பத்திரிகை

‘எட்டுக் கருவிகளில் ஏழு இதைப் பாதகம் என்கின்றன’ என்று எழுதினால் படிக்க கனமாக இருக்கும். ஆனால் இந்தக் கருவிகளில் பல, ஒரே சோதனைத் தரவுகளில் பழக்கப்பட்டவை. 1999இல் ஜப்பானில் மைக்கேல் குரோமிஹாவும் சகாக்களும் தொடங்கிய புரோதெர்ம் தரவுத்தளம் அவற்றில் முக்கியமானது. அதன் புதிய வடிவம் இப்போது சென்னை ஐஐடியில் அவரது குழுவிடம் இருக்கிறது, முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட அளவீடுகளோடு. அருமையான உழைப்பு. ஆனால் அதில் எந்தப் புரதங்களைச் சோதனையாளர்கள் வழக்கமாக அளந்தார்களோ அவைதான் இருக்கும். அளக்கச் சுலபமான, சின்ன, நல்லபிள்ளைப் புரதங்கள் அதிகம். உறுதியைக் குறைக்கும் மாற்றங்கள் அதிகம், கூட்டும் மாற்றங்கள் குறைவு. கருவிகளும் அந்தப் பக்கமே சாய்கின்றன என்று பல ஒப்பீடுகள் காட்டியிருக்கின்றன. ஒரே பத்திரிகை படித்த பத்துப் பேரிடம் கேட்டுவிட்டு, பத்துப் பேரும் ஒத்துப்போகிறார்கள் என்று சொல்கிற மாதிரி.

2023இல் நிலைமை கொஞ்சம் மாறியது. சுமார் 7,76,000 உறுதி அளவீடுகளை ஒரே முறையில் எடுத்த ஆய்வு நேச்சர் இதழில் வந்தது. அதிலும் இருப்பவை 40 முதல் 72 அமினோ அமிலம் வரையான குட்டிப் புரதங்கள்தான். பி53இன் நடுப்பகுதி மட்டும் சுமார் 200.

“இப்பதான் ஆல்ஃபாஃபோல்ட் இருக்கே” என்று கேட்கலாம். ஒரு எழுத்து மாற்றினால் வடிவம் குலையுமா என்பதைச் சொல்ல அது உருவாக்கப்படவில்லை. அதன் தரவுத்தளத்தை நடத்துபவர்களே இதைச் சொல்கிறார்கள். அதன் தம்பியான ஆல்ஃபாமிஸ்சென்ஸ் 2023இல் 7.1 கோடி பிறழ்வுகளுக்கு மதிப்பெண் போட்டது. அது கணிப்பது நோய் விளைவிக்கும் வாய்ப்பை, மடிப்பின் உறுதியை இல்லை. அந்த மதிப்பெண்ணையும் ‘நிலைத்தன்மை’ பத்தியில் சேர்த்துப்போடும் கட்டுரைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் ஏன் முக்கியம்? மருந்து

யாரோ எங்கோ ஒரு அட்டவணை போட்டுவிட்டுப் போகட்டுமே என்று விட்டுவிடலாம்தான். ஆனால் ‘அவிழ்ந்த பி53ஐ மறுபடி மடித்துவிடலாம்’ என்ற எண்ணத்தில்தான் மருந்துகள் தயாராகின்றன. அங்கே இந்த வித்தியாசங்கள் நோயாளியின் உடம்பில் போய் நிற்கின்றன.

ஏபிஆர்-246 என்ற மருந்தின் மூலம் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வகத்தில் 2002இல் வெளியான ஒரு மூலக்கூறு. பிறழ்ந்த பி53ஐ, எந்தப் பிறழ்வு என்று பெரிதாகப் பார்க்காமல், பழைய வடிவத்துக்குத் திருப்பும் என்பதுதான் அதன் அறிமுக வாசகம். ஆனால் அது உடலில் மாறி உருவாகும் பொருள் சிஸ்டீன்களோடு ஒட்டிக்கொள்ளும் வகை. பி53இன் சிஸ்டீன்களோடு மட்டும் இல்லை, செல்லின் குளூட்டாதயோன் இருப்பையும் அது கரைக்கிறது. ஒரு செல் செத்தால் பி53 மடிந்ததால் செத்ததா, குளூட்டாதயோன் தீர்ந்ததால் செத்ததா என்று பிரிப்பது கடினம். ஆரம்பகட்டச் சோதனைகள் நம்பிக்கை தந்தன. எலும்பு மஜ்ஜை நோயான எம்டிஎஸ்ஸில், பி53 பிறழ்வு உள்ள 154 பேரிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு 2020 டிசம்பரில் வந்தது. முழுமையாகத் தணிந்தவர்கள் மருந்து சேர்த்த குழுவில் 33.3 சதவீதம், சேர்க்காத குழுவில் 22.4 சதவீதம். புள்ளியியல்படி இந்த வித்தியாசம் உறுதியானதாகக் கொள்ளத்தக்கது இல்லை. சோதனை அதன் இலக்கை எட்டவில்லை. ஒரே காரணத்தின் மேல் பழி போடுவது நியாயம் இல்லை. ஆனால் ‘பிறழ்ந்த பி53’ என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டது அந்தக் கதையின் ஒரு பகுதி. பிடி நழுவிய ஆர்273எச்சுக்கு மறுபடி மடித்துவிட என்ன இருக்கிறது? அது ஏற்கெனவே மடிந்துதானே நிற்கிறது!

எதிர்ப்பக்கம் ஒய்220சி. அந்தக் குழி ஞாபகம் இருக்கிறதா? ஃபெர்ஷ்ட் குழு 2008இல் அந்தக் குழிக்குள் உட்காரும் ஒரு சின்ன மூலக்கூறை வெளியிட்டது. புரதத்தின் உருகுநிலையைச் சற்றே உயர்த்தியது, அவ்வளவுதான். ஆனால் தர்க்கம் சுத்தம்: இந்தப் பிறழ்வின் நோய் உறுதிக் குறைவு, அதற்கு இந்த இடத்தில் இந்த ஆப்பு. அதே குழியைக் குறிவைத்து வேறொரு நிறுவனம் உருவாக்கிய ரெசாடபாப்ட் என்ற மாத்திரை இப்போது மனிதர்களில் சோதனையில் இருக்கிறது. முதல் கட்டத்தில் சிலருக்குக் கட்டி சுருங்கியது. இது ஒய்220சி உள்ளவர்களுக்கு மட்டுமான மருந்து. திடக் கட்டிகளில் அப்படிப்பட்டவர்கள் நூற்றில் ஒருவர் அளவுதான்.

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். இரண்டாம் கட்டத்தில் கேராஸ் மரபணுவிலும் பிறழ்வு உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. புரதத்தை நிமிர்த்தி வைத்தாலும், செல்லுக்குள் வேறு வழியில் வளர்ச்சி உத்தரவு ஓடிக்கொண்டிருந்தால் அது போதாமல் போகலாம். மடிப்பைச் சரிசெய்த பிறகும் கேள்வி முடிவதில்லை.

அப்ப எப்படித்தான் செய்வது?

நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. பிடென் என்ற புற்றுநோய்த் தடுப்புப் புரதத்தில் 2018இல் ஆயிரக்கணக்கான பிறழ்வுகளைச் செய்து, ஒவ்வொன்றும் செல்லில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளந்தார்கள். அதே புரதத்தில் வேலைத்திறனைத் தனியாக அளந்த ஆய்வும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் விஷயம் பிரிகிறது: இவை காணாமல் போவதால் கெட்டவை, இவை நன்றாக நிறைந்திருந்தும் வேலை செய்யாததால் கெட்டவை. இரண்டாவதில் சிலது, பக்கத்திலிருக்கும் நல்ல பிரதியையும் கெடுக்கும். பிடெனில் சி124எஸ் அந்த ரகம்.

பி53க்கும் அதே வருஷம் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட பிறழ்வுகளைச் செல்களில் சோதித்த ஆய்வு வந்தது. அதில் எனக்குப் பிடித்தது, ஒரு பிறழ்வு அடிக்கடி தென்படுவதற்கு அதன் கேடு மட்டும் காரணம் இல்லை என்று காட்டியதுதான். 175, 248, 273 ஆகிய இடங்களில் டிஎன்ஏ எழுத்துகளே எளிதில் மாறக்கூடிய வேதியியல் கொண்டவை. 249 இன்னொரு கதை. பூஞ்சை பிடித்த நிலக்கடலை, மக்காச்சோளத்தில் உண்டாகும் அஃப்ளாடாக்ஸின் நஞ்சு அந்த இடத்தைத் தாக்குகிறது. சீனாவிலும் தென் ஆப்பிரிக்காவிலும் கல்லீரல் புற்றுநோயாளிகளிடம் இதை 1991லேயே பார்த்தார்கள். ‘அடிக்கடி வருகிறது’ என்பதையும் ‘ரொம்பக் கெட்டது’ என்பதையும்கூட ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள முடியாது.

எனவே இந்த வகைக் கட்டுரை ஒன்று கையில் கிடைத்தால் இப்போது நான் மூன்று கேள்வி கேட்டுப் பார்க்கிறேன். நிலைத்தன்மை என்று சொல்வது மடிப்பின் உறுதியையா, செல்லில் ஆயுளையா? இந்தப் புரதத்துக்கு மொத்த இருப்பு எவ்வளவு என்று யாராவது அளந்திருக்கிறார்களா? உறுதி குறையாத, ஆனால் கெட்ட பிறழ்வுகளை இந்த முறை பிடிக்குமா? மூன்றாவதுக்கு விடை ‘இல்லை’ என்றால், அது வெளிப்படையாக எழுதியிருக்கிறதா என்று பார்ப்பேன். எழுதியிருந்தால் மேற்கொண்டு படிப்பேன்.

நண்பனுக்கு அன்று ராத்திரி என்ன அனுப்பினேன் என்று சொல்லிவிடுகிறேன். “டேய், இது பி53ல அடிக்கடி வர்ற மாற்றம். புரதம் உடையல, டிஎன்ஏவைப் பிடிக்க முடியாம போயிடுது. இதனால அக்காவுக்கு என்ன ஆகும்னு இந்த ஒரு வரியை வெச்சு என்னால சொல்ல முடியாது, யாராலயும் முடியாது. டாக்டர்கிட்ட ரெண்டு விஷயம் கேளு. இது கட்டியில மட்டும் இருக்கா, பிறப்பிலேயே ரத்தத்துலயும் இருக்கான்னு பார்க்கணுமா? சிகிச்சை இதனால ஏதாவது மாறுதா?”

மறுநாள் காலையில் அவன் கேட்டான், “நீ ஏதோ சாஃப்ட்வேர்ல போட்டுப் பாப்பியே, அதுல என்ன வந்துச்சு?”

“போட்டேன்டா. சரியான பதில்தான் வந்துச்சு. நான்தான் வேற கேள்வி கேட்டுட்டேன்” என்றேன். அவனுக்குப் புரியவில்லை. அவனுக்காகவும் சேர்த்துத்தான் இதை எழுதினேன்.